தலைமாறிய குழி

இருந்தவர்கள்: பழைய கல்லறைகளை அளந்து பதிகிற ஐஸ்லா; ஸ்காட்லாந்து மலையடிவாரத்து ஆட்டுப்பண்ணைக்காரன் டார்க்வில்; காணாமல்போன அவன் அண்ணனின் மனைவி ஊனா. இடிந்த தேவாலயத்தின் பின்புறம், காலை.

— பழைய பதிவுல பதினெட்டுக் குழிதானே? பத்தொன்பதுன்னு ஏன் எழுதற?

— இருக்கே, டார்க்வில். இங்க எல்லாருக்கும் மேற்கே தலை, கிழக்கே கால். உலகத்தோட கடைசி நாள்ல உயிரோட எழுந்ததும் சூரியன் முகத்துல படணுமாம். இந்த ஒருத்தருக்கு மட்டும் தலைக்கல் கிழக்குல நிக்குது.

— பாதிரியா இருக்கும். அவங்களைத்தான் சனத்தைப் பார்த்த மாதிரி மாத்திப் புதைப்பாங்க.

— பாதிரிக்கு யாரு ரப்பர் பூட்ஸ் மாட்டி விட்டா? துளைக்கோலை மண்ணுக்குள்ள இறக்கினேன். நுனியில பச்சை ரப்பர் வந்துச்சு. அதுல சிவப்பா ஒரு பஞ்சர் ஒட்டு.

— காட்டு ஐஸ்லா. இது... இது என் புருஷன் பூட்ஸுக்கு நான் ஒட்டினது.

— அண்ணி, நீங்க வீட்டுக்குப் போங்க.

— ரூரி எவளோடயோ கனடா ஓடிட்டான்னு எட்டு வருஷமா சொன்னியேடா!

— நிலத்தை விக்கப்போறேன்னான். மொத அடி அவன்தான் அடிச்சான். என் கையில வேலிக்கம்பு அடிக்கிற சம்மட்டி இருந்துச்சு. ஒரே அடி.

— ஒண்ணுதானா?

— நாலு. போதுமா? பழைய கல்லறை மாதிரி இருக்கட்டும்னு ஒரு கல்லையும் நட்டேன். அன்னிக்குப் பனிமூட்டம், திசை தெரியல. ஏய், போனைக் கீழ போடு!

— போலீஸுக்குத்தான்... ஆ! என் கை! மண்வெட்டியால கையை உடைச்சிட்டான், ஊனா!

— போனும் போச்சு, கையும் போச்சு. அடுத்தது மண்டை. சொல்லுங்க அண்ணி, நீங்க யார் பக்கம்?

— செத்தவனோட என்ன குடித்தனம்? உன் பக்கம்தான். இவளை மூலையில இருக்கிற அந்தப் பழைய பிணவறையில போட்டுடலாம். இரும்புக் கதவு, நாலடி தடிமனுக்குச் சுவர். கத்தினா ஆடுகூடத் திரும்பாது.

— ஊனா, வேணாம்! எனக்குக் குழந்தை இருக்கு!

— வாயை மூடு. டார்க்வில், உள்ள உர மூட்டை கிடக்கு. ஓரமாத் தள்ளு, இவளைக் கிடத்தணும். மண்வெட்டியைக் குடு, இவ அசைஞ்சா நான் பாத்துக்கறேன்.

— அப்படிப் போடுங்க அண்ணி... சே, உள்ள ஒரே இருட்டு, ஒண்ணும் தெரியல. கதவை இன்னும் கொஞ்சம் தள்ளுங்க. அட, ஏன் சாத்துறீங்க? அண்ணி! பூட்டாதீங்க! திறடி!

— எழுந்திரு ஐஸ்லா. பூட்டிட்டேன்.

— போலீஸுக்குச் சொல்லணும், ஊனா.

— சொல்லலாம். பிணத்தைத் திருடி டாக்டருங்களுக்கு வித்த காலத்துல கட்டின அறை இது. அழுகி யாருக்கும் உதவாமப் போற வரைக்கும் உள்ளயே வச்சிருப்பாங்க. மூணு வாரம். அதுக்கப்புறம் சொல்லலாம்.