தெயாத்ரோவுக்குக் கூப்பிட்டவரு

இல்ல சாமி, பாவமன்னிப்புக்கெல்லாம் வரல. நான் மாரியாத்தாளக் கும்புடறவ. பெரிய மார்க்கெட்ல கத்திரிக்கா விக்கற கொளஞ்சின்னா யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. என் வாயிக்குப் பயந்து நாலு கட தள்ளிப் போறவங்களும் உண்டு. மாதா கோயில் சாமி இத்தாலிக்காரருன்னாங்க, அதான் வந்தேன். உக்காந்துக்கறேன், முட்டி விட்டுப்போச்சு. இந்தப் பூசணிக்கா உங்களுக்குத்தான். வச்சிக்குங்க, நான் எதையும் சும்மா கேக்கறவ இல்ல.

எங்க வீட்டுக்காரரு சொல்தா. பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துல சேந்து உங்க ஊர்ல சண்ட போட்டவரு. திரும்பி வரப்ப ஒரு தகரப் பொட்டியும் ரெண்டு இத்தாலிப் பேச்சும் கொண்டாந்தாரு. சனிக்கெழம சாயங்காலமானா இஸ்திரி போட்ட சட்டையோட கட முன்னால வந்து நிப்பாரு. வுவோய் வெனீரே கொன் மே ஆ தெயாத்ரோன்னு கேப்பாரு. மார்க்கெட்டே சிரிக்கும். ஞாயித்துக்கெழமன்னா வேற. அந்தியாமோ அல் கொன்சேர்த்தோ? நான் எடக்கல்லத் தூக்கி ஓங்குவேன். அங்க எவளுக்கோ சொன்னத இங்க வந்து ஒப்பிக்கிறியான்னு. அந்த ரெண்டுக்கும் என்னா அர்த்தம் சாமி?

என்னா? எங்கூட நாடகத்துக்கு வரியாவா? இன்னொண்ணு... கச்சேரிக்குப் போலாமாவா?

அவ்ளோதானா சாமி?

பன்னெண்டு வருசம்! தமிழ்ல கேட்டா நாக்கு அழுகிடுமா அந்த மனுசனுக்கு?

கேட்டாரு. ஏன் பொய் சொல்லணும். மொத வருசம் தமிழ்லதான் கேட்டாரு. முத்தியால்பேட்டையில நாடகம் போடறாங்க, வரியான்னு. யாவாரத்த உங்கப்பனா வந்து பாப்பான்னு நாலு பேர் முன்னால கத்துனேன். அதுக்கப்புறந்தான் இந்தப் பேச்சு. சிரிக்கறவன் பாஷையப் பாத்துச் சிரிக்கட்டும்னு நெனச்சிருப்பாரு.

தனியாத்தான் போவாரு. நாடகத்துக்கும் தனியா, கடக்கரையில பேண்டு கேக்கவும் தனியா. யாவாரத்துல ஒண்ணு உண்டு சாமி. வெல படியலன்னா வாடிக்க முதுகக் காட்டி நடக்கும். நாலு அடி விடலாம். அஞ்சாவது அடிக்குள்ள கூப்புட்டுடணும். எந்த முதுகு திரும்பும், எது திரும்பாதுன்னு எனக்கு அத்துப்படி. இந்த ஒரு முதுகத்தான் நான் கூப்புட்டதே இல்ல.

அவரையே கேட்டிருக்கலாமேன்றீங்களா? எங்க சாமி கேக்கறது. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில கெடக்கறாரு, பதினோரு நாளு. தமிழு போயிடிச்சி, பிரெஞ்சும் போயிடிச்சி. என்னையும் தெரியல. யாரு கட்டிலாண்ட நின்னாலும் அந்த ரெண்டு பேச்சுதான். நர்சம்மா தலையத் தலைய ஆட்டிட்டுப் போவுது. நேத்து என்னைக் கேட்டாரு. புதுசாப் பாக்கற பொம்பளையக் கேக்கற மாதிரி, கூச்சமா. இந்த வாரம் தாண்டாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு.

வரேன்னு உங்க பாஷையில எப்டி சாமி சொல்லணும்? சின்னதாக் குடுங்க, என் வாயில நிக்கறாப்ல. மூணு மணிக்குத்தான் உள்ள விடுவாங்க, அதுவரைக்கும் சொல்லிப் பாத்துக்கறேன். அவசரமில்ல. இன்னிக்குக் கடைய மூடிட்டேன்.