அரை அரைக் கட்டையாக

செயலாளர் திரு. சொக்கநாதன் அவர்களுக்கு,

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்க வேண்டாம். மன்றத்திலிருந்து என் வீடு மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறது. காப்பி குடிக்க வந்திருந்தால் கையிலேயே வாங்கிக்கொண்டிருப்பேன். பதினான்கு நாட்களுக்குள் காரணம் காட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அரசாங்க வேலையில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன் நான். இந்த மாதிரிக் கடிதங்களை மற்றவர்களுக்கு எழுதித்தான் எனக்குப் பழக்கம்; பதில் எழுதுவது இதுவே முதல் தடவை. ஆறு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஐந்தாவது கேள்வி இந்த விவகாரத்துக்கு முக்கியமில்லை என்பது என் கருத்து. மற்றவற்றுக்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்கிறேன்.

உங்கள் மன்றத்துக்கு இருபத்தேழு வருடமாக நான்தான் இசை. வருடத்துக்கு ஒரு பாட்டு நாடகம். நம் ஜொகூர் ஸ்கூடாயில் ஞாயிற்றுக்கிழமையானால் எல்லாரும் பேரங்காடிக்குப் போகிறார்கள், நான் ஒத்திகைக்குப் போனேன். பாசிர் கூடாங் ஆலைகளில் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து கொட்டாவி விட்டுக்கொண்டே ராஜா வேடம் போடுகிறவர்கள், சிங்கப்பூருக்குப் போய்வந்த களைப்பில் வசனத்தில் பாதியை விழுங்குகிறவர்கள், இவர்களை வைத்துத்தான் வேலை. பாடத் தெரிந்தவர் என்று சொல்ல அத்தனை வருடத்தில் மூன்று பேர் தேறுவார்கள். கைதட்டல் மட்டும் எல்லாருக்கும் கிடைத்தது. அதைப் பற்றி நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

அந்த மூன்று பேரில் யுவனேஸ்வரி ஒருத்தி. நல்ல குரல். இதை எழுதுவதில் எனக்குச் சிரமம் எதுவும் இல்லை. பாலர் பள்ளி ஆசிரியை, முப்பத்திரண்டு வயது, நான்கு வயதில் ஒரு மகள், கணவன் ஹேமநாதனுக்குத் தொழிற்சாலையில் வேலை. இந்த வருட நாடகமான ‘உப்பாற்று நாச்சி’யில் அவள்தான் நாச்சி. கடைசிக் காட்சியில் கரையில் நின்று, திரும்பி வராத படகை அழைத்துப் பாட வேண்டும். அந்தப் பாட்டை அவளுக்காகவே ஐந்து கட்டையில் அமைத்தேன். நீங்கள் இசை தெரியாதவர் என்பதால் சொல்கிறேன், கட்டை என்பது சுருதியின் உயரம். ஐந்து அவளுக்குச் சரியான உயரம். அழைப்பு உச்சத்துக்குப் போய் மூன்று வரி அங்கேயே நிற்கும். என் வாழ்நாளில் நான் செய்தவற்றில் நன்றாக அமைந்த ஒரே பாட்டு அதுதான்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, முப்பது பேர் முன்னிலையில் அவள் என்னிடம் வந்தாள்.

“மாஸ்டர், கோச்சுக்காதீங்க. கடைசிப் பாட்டுல மேல போறப்போ தொண்டை இழுக்குது. அரைக் கட்டை இறக்கிக்கலாமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் நம் இயக்குநர் சோமு, கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “ஆமா லா மாஸ்டர், இறக்கிடுங்க. ஷோ நல்லா வந்தா போதும் லா.”

கடைக்காரரிடம் தேத்தண்ணியில் சீனி குறைக்கச் சொல்வார்களே, அந்தத் தோரணை. யாரும் சிரிக்கவில்லை. யாருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை என்பதுதான் என்னைச் சுட்டது. நான் “சரி” என்றேன். கீபோர்டின் மேல் குனிந்து, சுருதியை மாற்றும் பொத்தானின் பக்கம் கையைக் கொண்டுபோனேன். ஆனால் அழுத்தவில்லை. அதே ஐந்து கட்டையில் வாசித்தேன், அவளும் பாடினாள்.

“இப்போ ரொம்ப ஈஸியா இருக்கு மாஸ்டர். தேங்க்ஸ்” என்றாள்.

வீடு திரும்பும்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சுருதி இறங்கியதா இல்லையா என்று தெரியாத ஒருத்தி, என் பாட்டை இறக்கச் சொல்கிறாள். வெறுப்பு அதற்குப் பிறகுதான் வந்தது, செவ்வாய்க்கிழமை வாக்கில். வெறுப்பு என்ற சொல்லை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. அவளை வெறுத்தேன், சோமுவை வெறுத்தேன். முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்த உங்களையும் கொஞ்சம் வெறுத்தேன்.

என் கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. ஒருமுறை அழுத்தினால் எல்லாச் சுரங்களும் அரைக் கட்டை ஏறிவிடும். விரல்கள் வழக்கமான இடத்திலேயே ஓடும், பக்கத்தில் நின்று பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. எண் காட்டும் சிறு திரையின் மேல் என் கைக்குட்டை கிடக்கும். தாளத்துக்கு நம்மிடம் இருப்பது குச்சியால் தட்டுகிற மின்சாரப் பட்டைகள்தான், அவற்றுக்குச் சுருதி கிடையாது. அவள் தனியாகப் பாடுகிற பாட்டுகளை மட்டும் தனியே சேமித்து வைத்துக்கொண்டேன். மார்ச் மாதம் ஐந்தரை ஆக்கினேன். அவள் பாடினாள். மே மாதம் ஆறு. அதையும் பாடினாள்.

இதை நீங்கள் கடிதத்தில் சதி என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதை ஒரு சோதனை என்றுதான் வைத்திருந்தேன். எந்தச் சோதனைக்கும் ஒரு நிபந்தனை இருக்க வேண்டும், இதற்கும் இருந்தது. சுருதி ஏறியிருக்கிறது என்று அவள் கண்டுபிடித்த நாளில் நிறுத்திவிடுவது. ஒரு வார்த்தை கேட்டால் போதும், பழையபடி ஐந்துக்கே இறக்கி, அவள் காதுக்கு மரியாதை கொடுத்து, முப்பது பேர் முன்னிலையில் அவளைப் பாராட்டுவதாகவும் இருந்தேன். தன்னிடம் என்ன கேட்கப்படுகிறது என்றே தெரியாத ஒருத்திக்கு அந்தப் பாட்டு எதற்கு? இதில் அநியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஜூனில் அவள் குரல் கரகரத்தது. பாலர் பள்ளியில் இருபத்திரண்டு பிள்ளைகளைச் சத்தம் போட்டு அடக்குவதால்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் ஆமோதித்தேன். ஒத்திகையைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு, வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் அதோடு சேர்ந்து பாடச் சொன்னேன். சொன்னபடி செய்தாள். சொன்னதைச் செய்கிற பெண் அவள். ஒவ்வொரு ஞாயிற்றையும் தேதி போட்டு வைத்திருக்கிறாள் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. சிங்கப்பூரில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கும் உங்கள் தம்பி மகன் லோகேஸ்வரன், அந்தப் பதிவுகளை வரிசையாகக் கேட்டுவிட்டு உங்களிடம் ஓடி வந்திருக்கிறான். அவன் எழுதிக் கொடுத்த அட்டவணை சரியானதே. அவனுக்குக் காது இருக்கிறது.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஆம், மருத்துவரிடம் அவளை அழைத்துப் போனது நான்தான். ஹேமநாதனுக்கு அன்று பகல் ஷிப்ட். ஜொகூர் பாரு வரைக்கும் அந்த நெரிசலில் அவள் தனியாக ஓட்டிப் போவாளே என்று எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, குரல் நாண்களைத் திரையில் காட்டினார். ஒன்று சிவந்து வீங்கியிருந்தது. பத்து நாள் பேசவே கூடாது, அதற்குப் பிறகும் உரக்கப் பாடக் கூடாது, மீறினால் உள்ளே ரத்தக் குழாய் வெடித்துத் தழும்பு விழும், தழும்பு விழுந்தால் குரல் திரும்பாது என்றார். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். உயரமான சுருதியில் பாடுவதுதான் அதிக ஆபத்தா என்று கேட்டது அவள் இல்லை, நான். அதுதான் அதிக ஆபத்து என்றார். அந்த விளக்கம் எனக்குப் பயனுள்ளதாக இருந்தது.

திரும்பும் வழியில் ஸ்கூடாய் சாலையில் முக்கால் மணி நேரம் நின்றோம். பேசக் கூடாதல்லவா, கைப்பேசியில் தட்டிக் காட்டினாள்: “ஷோக்கு ஆறு வாரம்தான் மாஸ்டர். வேற ஆளப் போட்டுருவாங்களா?”

“நீ சொன்னாத்தானே போடுவாங்க பிள்ளை. சொல்லாத” என்றேன்.

அழுதாள். டிஷ்யூ எடுத்துக் கொடுத்தேன். அந்த வார ஒத்திகைக்கு அவளுக்குக் காய்ச்சல் என்று உங்கள் எல்லாருக்கும் சொன்னவனும் நானே. பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தாள்.

ஆகஸ்டில் நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். அறுநூறு பேர் கூடிய மண்டபம். கடைசிப் பாட்டு, ஏழு கட்டை. உச்சத்தின் முதல் வரியில் தாக்குப்பிடித்தாள், இரண்டாவதிலும் தாக்குப்பிடித்தாள். மூன்றாவதில் துணி கிழிவது போல ஒரு சத்தம், பிறகு வெறும் காற்று. அவள் வாயை மூடவில்லை. கையை நீட்டியபடி உதடுகளை அசைத்துக்கொண்டே இருந்தாள். குழுப் பெண்கள் பயந்துபோய் அடுத்த வரியை எடுத்தார்கள். நான் ஒரு சுரம்கூடப் பிசகாமல் முடித்துவைத்தேன். கூட்டம் அதை நடிப்பு என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டியது. மேடையில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தியது நீங்கள்தான்.

அறுவைச் சிகிச்சை செப்டம்பரில் நடந்தது. இப்போது அவளுக்கு இருப்பது மூச்சுக்காற்றில் வருகிற பேச்சு மட்டும். வகுப்பிலிருந்து மாற்றி, அலுவலகத்தில் வண்ணத்தாள் வெட்ட உட்கார வைத்திருக்கிறார்கள். மகள் தர்ஷனா, அம்மா ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, தானும் கிசுகிசுத்தே பதில் சொல்கிறதாம். ஹேமநாதன் சொல்லி வருத்தப்பட்டார். எனக்கு அது கேட்க இனிமையாக இருந்தது. இரண்டு முறை சூப் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். இரண்டாவது முறை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்: “மாஸ்டர், உங்க பாட்டக் கெடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க.” பரவாயில்லை என்றேன்.

இப்போது உங்கள் தட்டச்சில் ‘திட்டமிட்ட கொடுமை’ என்று ஒரு தொடர் இருக்கிறது. சற்று யோசித்துப் பாருங்கள். நான் அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. பாடச் சொல்லி யாரும் அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. போலீசுக்குப் போனாலும் ஒரு கீபோர்டின் பொத்தானை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? ஐந்து மாதம் அவளுக்கு அவகாசம் கொடுத்தேன். என்னை நீக்குவது பற்றி ஆறாவது கேள்வியில் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக நீக்குங்கள். அடுத்த வருடம் பதிவு செய்த இசையை ஓட்டிக்கொள்ளலாம் என்று சோமு முன்பே பேசிவருவது எனக்குத் தெரியும்.

ஐந்தாவதை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அதை மட்டும் நீங்கள் அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். பதில் இல்லாமல் ஒரு கோப்பை மூடுவது எனக்கும் பழக்கமில்லை. ‘ஓய்வு முடிந்து வந்த முதல் ஞாயிறு, ஒத்திகைக்கு முன் கார் நிறுத்துமிடத்தில் யுவனேஸ்வரி உங்களிடம் ஏதேனும் கேட்டாரா?’ அவள்தான் எழுதிக் காட்டியிருப்பாள்.

கேட்டாள். நான் கீபோர்டைக் காரிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“மாஸ்டர், தப்பா நெனைக்காதீங்க. பத்து நாளா சும்மா உட்கார்ந்து பதிவுகளைக் கேட்டுட்டு இருந்தேன். அஞ்சு கட்டை மாதிரி இல்ல. ஆறு மாதிரி இருக்கு. பிப்ரவரியிலகூட நீங்க எறக்கலன்னு எனக்குத் தெரியும். அத்தன பேர் முன்னால உங்களுக்குச் சங்கடமா இருந்திருக்கும், அதான் ஈஸியா இருக்குன்னு சொல்லிட்டேன். இப்ப முடியல மாஸ்டர். கொஞ்சம் பாருங்களேன்.”

“அஞ்சுதான் பிள்ளை” என்றேன். “தொண்டை சரியில்லாட்டி காதும் ஏமாத்தும்.”

அவள் கீபோர்டில் தன் பக்கத்துப் பிடியை மாற்றிக்கொண்டாள். “சாரி மாஸ்டர். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள்.

உள்ளே போனோம். கீபோர்டைத் தாங்கியில் வைத்து, அவள் பாட்டை எடுத்தேன். சுருதி ஏற்றும்போதெல்லாம் ஒரு தடவைதான் அழுத்துவேன். அன்று இரண்டு தடவை அழுத்தினேன்.