முன் சீட்டில் உட்கார்ந்தவர்கள்

தங்கச்சிமடத்தில் இரண்டு மீன்காரப் பெண்கள் பஸ்ஸில் ஏறினார்கள். இரண்டு கூடை, ஒரு நூலகப் புத்தகம். மீன் விற்பவர்கள் வழக்கமாகப் போகும் கடைசி சீட்டுக்குப் போகாமல், எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"அமெரிக்காவுல கறுப்பு சனத்தப் பஸ்ல பின்னாடி போகச் சொன்னாகளாம், மதினி. ஒரு வருசத்துக்கு மேல பஸ்ஸே ஏறாம, நடந்தே ஜெயிச்சிட்டாக" என்றாள் இளையவள், புத்தகத்தைத் தட்டி.

"ஏத்தா, என் முழங்காலு ஒரு வாரம் தாங்காது."

"நடக்க வேணாம். எந்திரிக்காம இருங்க, போதும்."

கண்டக்டர் வந்துவிட்டார். "மீன் கூடையெல்லாம் பின்னாடி போகணும்."

மதினி இரண்டு கூடையையும் தூக்கி அவர் கையில் கொடுத்தார். "கொண்டு போயி வையிங்கண்ணே. நாங்க இங்கன இருக்கோம்."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்துக்கொண்டே, ஐஸ் தண்ணீர் சட்டையில் சொட்டச் சொட்ட, கூடைகளோடு பின்னால் போனார்.