உலகப் படத்தில் எங்கள் ஊருக்கு ஒரு புள்ளி

இந்த மேடையின் நடுவே தலைமைக் கதிரையை நிறைத்து வீற்றிருக்கும் எங்கள் சனசமூக நிலையத் தலைவர் அவர்களே, என் தாயோடு கூடப் பிறந்தவரே, என் மாமா கனகரத்தினம் அவர்களே! உலகத்து ஆய்வுகளையெல்லாம் தேடி அளந்து வந்து, பொன்னாடையும் பூமாலையுமாய் அமர்ந்திருக்கும் எங்கள் ஊர்ப்பிள்ளை கலாநிதி நிருஷன் அவர்களே! வெங்காயத்தைச் சுன்னாகம் சந்தையிலே இறக்கிவிட்டு, கைகழுவியும் கழுவாமலும் ஓடிவந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையோடு கேட்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மாருக்குள்ளே ஒரு தாயாய், பண்டத்தரிப்பிலிருந்து பஸ் ஏறி வந்து கடைசிக் கதிரையில் இருக்கும் குணலட்சுமி அம்மா அவர்களே! இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலே விஞ்ஞானம் படிப்பிக்கும் உதயகலா உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நன்றியுரை சொல்லத்தான் என்னை அழைத்தார்கள். சொல்லுவேன். அதற்கு முன்னே ஒரு கேள்வி. சற்றுமுன் எதற்காகக் கைதட்டினீர்கள்?

நிருஷன் அவர்கள் திரையிலே உலகப் படம் காட்டினார். தன்னெதிர்ப்பு மூளையழற்சி என்று ஓர் அரிய நோய். உடம்பைக் காக்க வேண்டிய காவற்படையே மூளையைக் கடிக்கும் நோய். அதைப்பற்றி எந்த நாட்டார் எத்தனை கட்டுரை எழுதினார்கள், எவர் எழுதியதை எவர் எடுத்தாண்டார்கள் என்று ஆண்டுக்கணக்காய் இருந்து எண்ணியிருக்கிறார். பெரிய நாடுகளின் மேலே பெரிய பெரிய வட்டங்கள். வட்டத்துக்கு வட்டம் கோடுகள். எங்கள் குடாநாட்டின் மேலே என்ன இருந்தது? ஒரு புள்ளியாவது இருந்ததா? தான் தேடிய வரையில் இங்கேயிருந்து ஒன்றும் இல்லை என்று அவர் தலைகுனிந்து சொன்னார். நீங்கள் கைதட்டினீர்கள். எங்கள் வெறுமைக்கு நாங்களே கைதட்டினோம்!

நோய் இல்லாதபடியால் புள்ளி இல்லையா? நோயாளி இல்லாதபடியால் புள்ளி இல்லையா? இதோ நிற்கிறேன் ஐயா. அந்த நோய் எனக்கு வந்தது.

ஓம், முன்வரிசையிலே முணுமுணுப்பது கேட்கிறது. "உவளுக்கு நெருப்புக் காய்ச்சல் எல்லோ வந்தது?" வெறும் தைபோயிட்டு என்று, அப்படித்தான் உங்களுக்குச் சொல்லப்பட்டது. கொஞ்சம் பொறுங்கோ.

வகுப்பிலே படிப்பித்துக்கொண்டு நின்றவள் காரணமில்லாமல் சிரித்தேனாம். வீட்டுக்கு வந்து பெற்ற தாயைப் பார்த்து, நீ ஆர் என்று கேட்டேனாம். பேய் பிடித்துவிட்டது என்றார்கள். நூல் கட்டினார்கள், வேப்பிலைக் கொப்பால் அடித்தார்கள். அடித்த தழும்பு முதுகிலே இன்னும் இருக்கிறது. அடி வாங்கிய பேயைத்தான் காணவில்லை. வலிப்பு வந்த பிறகுதான் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டொக்டர் தக்சாயினி என்றொரு இளம் பெண், இது மனக்குழப்பமும் இல்லை, பேயும் இல்லை என்று பிடிவாதமாய் நின்று, முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். நோயின் பெயர் தெரிந்தது. மருந்து கிடைத்தது. நான் பிழைத்தேன்.

பிழைத்த பிறகுதான் பிழை நடந்தது. என்னுடைய வருத்தத்தை, வந்த நோயை, மருத்துவ இதழிலே எழுத அந்த டொக்டர் அனுமதி கேட்டார். பெயர் வேண்டாம், முகம் வேண்டாம், ஊர்ப் பெயர்கூட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டார். ஆரிடம் கேட்டார்? நான் இன்னும் கட்டிலிலே கதைக்கத் திணறிக்கொண்டு கிடந்தபடியால், வீட்டுக்குப் பெரியவரிடம் கேட்டார். அந்தப் பெரியவர் சொன்ன மறுமொழியை அம்மா எனக்குப் பிறகு சொன்னா. "கலியாணம் பேசின பிள்ளை. தலைக்குள்ளை வருத்தம் எண்டு எழுத்திலை வந்தால் ஆர் கட்டுவினம்?"

அன்றிலிருந்து ஊருக்கு ஒரே பேச்சு: உதயகலாவுக்கு நெருப்புக் காய்ச்சல்! சந்தையிலே நெருப்புக் காய்ச்சல், கோயில் வீதியிலே நெருப்புக் காய்ச்சல், கலியாண வீட்டிலே நெருப்புக் காய்ச்சல். இவ்வளவு பாதுகாத்த அந்தக் கலியாணம் என்னவாயிற்று? சீதனக் காணியின் கிணற்றுப் பங்குச் சண்டையிலே குழம்பி நின்று போயிற்று. சிரியுங்கோ, நானும் சிரித்தேன். இனிச் சிரிக்க முடியாது.

பண்டத்தரிப்பிலே கீர்த்திகா என்றொரு பிள்ளை. கம்பசுக்கு, பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டு, போக ஆயத்தமாய் இருந்த பிள்ளை. அதே சிரிப்பு, அதே மறதி, அதே வேப்பிலை அடி. தாய் மட்டும் எங்கேயோ என் கதையைக் கேள்விப்பட்டு, வெயிலோடு வெயிலாய் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறா. நான் அப்போது பள்ளிக்கூடத்திலே. எந்த டொக்டர் பார்த்தவர் என்ற ஒரே ஒரு சொல்லைத்தான் அந்தத் தாய் கேட்டா. எங்கள் வீட்டுப் பெரியவர் கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, என்ரை மருமகளுக்கு வந்தது வெறும் நெருப்புக் காய்ச்சல், நீங்கள் பிழையாய்க் கேள்விப்பட்டிட்டியள் என்று மரியாதையாய் அனுப்பி வைத்தார். கீர்த்திகா போய்விட்டாள்.

எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு அன்றைக்குத்தான் நான் அந்த வீட்டுக்குப் போனேன். செத்தவீட்டுக்குப் போகிற எல்லோரையும் போலத்தான் போனேன். அந்தத் தாய், இதோ இங்கே இருக்கும் குணலட்சுமி அம்மா, என் கையைப் பிடித்துக் கேட்டா: "பிள்ளை, உனக்கு நெருப்புக் காய்ச்சல் தானே?"

இல்லை அம்மா என்றேன். அவ என் கையை விட்டுவிட்டா.

சபையோரே, பேயை நம்பியவனை மன்னிக்கலாம்; அவனுக்குத் தெரியாது. பெயர் தெரிந்து, மருந்து தெரிந்து, டொக்டரைத் தெரிந்து, தெரிந்ததையெல்லாம் பாயாய்ச் சுருட்டி மூலையில் வைத்தோமே, எங்களை என்ன சொல்லுவது? ஒரு வீட்டு மானத்துக்கு இன்னொரு வீட்டுப் பிள்ளையா விலை?

மாமா மேசையிலே விரலால் தட்டுகிறார். நேரமாம். மாமா, உங்கள் மடியிலே வளர்ந்தவள் நான். என்மேல் வைத்த ஆசையால்தான் செய்தீர்கள், அதுவும் தெரியும். ஆனாலும் மாமா, நீங்கள் செய்தது அநியாயம். அதைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன்.

வெளிநாட்டுக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றனவே, அவற்றை எங்கள் டொக்டர்மார் வாசித்தால் போதாதா என்று நிருஷன் அவர்களைக் கேட்டேன். அவர் சொன்னார்: "தூரத்திலை நடந்ததை வாசிச்சால் அபூர்வம் எண்டு நினைப்பினம். பக்கத்து ஊரிலை நடந்ததெண்டு வாசிச்சால்தான் தங்கடை ஆசுபத்திரி வாட்டிலை தேடுவினம்." கேட்டீர்களா? அந்தப் புள்ளி புகழுக்கு வைக்கும் பொட்டில்லை. அடுத்த பிள்ளை வருத்தத்தோடு வரும்போது அந்த டொக்டரின் நினைவிலே அது இருக்க வேண்டும்.

ஆகவே அறிவிக்கிறேன். டொக்டர் தக்சாயினி இப்போது வேறு ஆசுபத்திரியிலே. தேடிப்பிடித்துக் கதைத்துவிட்டேன். எழுதச் சொல்லியாயிற்று. என் வருத்தம், என் உடம்பு, என் சம்மதம். இதழிலே பெயர் போடும் வழக்கம் இல்லையாம். அதனால்தான் பெயரை இங்கே நானே சொல்லுகிறேன். இனி என்னைப் பெண்பார்க்க வருகிறவர்கள் இதையும் கேட்டுக்கொண்டே வரட்டும்.

போன கிழமை இதைச் சொல்லத்தான் குணலட்சுமி அம்மாவிடம் மறுபடி போனேன். வாசலிலே நின்றபடியே சொன்னேன். அவ முழுதும் கேட்டா. பிறகு சொன்னா: "என்ரை பிள்ளையையும் சேர்த்து எழுதச் சொல்லு."

இப்போது கைதட்டாதீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

இனி நன்றியுரை. எண்ணிவந்து எங்கள் வெறுமையைக் காட்டிய நிருஷன் அவர்களுக்கு நன்றி. கோபத்தை அடக்கிக்கொண்டு கடைசிவரை இருந்து கேட்ட தலைவர் அவர்களுக்கு நன்றி. மதகடி வரைக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கி கட்டிய சிவகரன் அண்ணைக்கு இருமடங்கு நன்றி. யாருடைய வீட்டிலாவது ஒரு பிள்ளை காரணமில்லாமல் சிரித்தால், பெற்ற தாயை மறந்தால், வேப்பிலையைத் தேடாதீர்கள். இரவோ பகலோ, எங்கள் வீட்டுப் படலையைத் தட்டுங்கோ. தேத்தண்ணி பிறகு தரலாம். முதலில் டொக்டரின் பெயரைச் சொல்லுவேன்.

குணலட்சுமி அம்மா, எனக்கு வந்தது நெருப்புக் காய்ச்சல் இல்லை. ஊரறியச் சொல்லிவிட்டேன். உங்களுக்கும், இந்தச் சபைக்கும் என் வணக்கம்.