டாக்டர் சம்பூர்ணத்தின் ஐந்து ஆணிகள்

தலைமை ஏற்றிருக்கும் அறங்காவலர் சேஷகிரி அவர்களே, எனக்கு இடப்புறம் தலை குனிந்து அமர்ந்திருக்கும் டாக்டர் மலர் அவர்களே, மறைந்தவரின் தம்பி பால்ராஜ் அவர்களே, ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கும் செவிலியர்களே, இந்த ஹெப்பகோடி மருத்துவமனையில் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன் பேசிய நால்வரும் டாக்டர் சம்பூர்ணத்தைத் தெய்வம் என்றார்கள். இருபத்தாறு ஆண்டுகள் அவருடன் ஒரே ஆபரேஷன் தியேட்டரில் நின்றவள் என்ற உரிமையில் மறுக்கிறேன். தெய்வம் தாமதமாக வரும். சம்பூர்ணம் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை.

மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, ரக்ஷா என்ற பெண் அமர்ந்திருக்கிறாள். நிறைமாதம். முதல் பிரசவத்தில், வேறோர் ஊரில், பதினெட்டு மணி நேரம் வலி கண்ட பிறகு அவசரமாக வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தார்கள். இம்முறை வலி வரட்டும், சுகப்பிரசவத்துக்கு முயன்று பார்க்கலாம் என்று அவளும் சம்பூர்ணமும் பேசி முடிவு செய்திருந்தார்கள். சம்பூர்ணம் இறந்த நான்காம் நாள் அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது: வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குச் சிசேரியன். சற்று முன் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஆன்ட்டி, மேடம் போய்ட்டா என் முடிவும் போய்டுச்சா?"

இந்த மேடையை விட்டு இறங்குவதற்குள் அவளுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அதற்காகவே பேச ஒப்புக்கொண்டேன். நடுவே புகழ்ச்சி வந்தால் தடுக்கமாட்டேன்.

நான் மயக்க மருத்துவர். பிறரைத் தூங்க வைத்தே என் வாழ்நாள் கழிந்தது. கனவுகளுக்குப் பொருள் தேடுகிறவள் அல்ல. ஆனாலும் இந்தப் பதின்மூன்று நாட்களாக, மதியம் கண்ணயர்ந்தால் ஒரே இடத்துக்குப் போகிறேன். லேபர் வார்டின் நடைவழி அது. ஆனால் சமதரையாக இல்லை. மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. பாலில் நீர் கலந்தாற்போல் ஒரு வெளிச்சம். திறந்த ஜன்னல் வழியே இளஞ்சிவப்புப் பூக்கள் சத்தமில்லாமல் உள்ளே உதிர்ந்துகொண்டே இருக்கின்றன, யாரும் பெருக்குவதில்லை. தொலைவில் யாரோ முனகுகிறார்கள். எனக்குச் சங்கீதம் தெரியும்; அது எந்த ராகமும் இல்லை. வலி முற்றும்வரை காத்திருக்கும்போது சம்பூர்ணம் அப்படித்தான் முனகுவார். வழியின் முடிவில் ஒரு மரப்பலகை. அதில் ஐந்து ஆணிகள். ஆணிகளில் ஐந்து பித்தளை டோக்கன்கள், காற்றே இல்லாத இடத்தில், அசைந்துகொண்டிருக்கின்றன.

அந்தப் பலகை கனவில் மட்டும் இருப்பதல்ல என்பது உங்களுக்குத் தெரியும். அது எங்கிருந்து வந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

சம்பூர்ணத்தின் தந்தை ஜெயவேலு தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. கீழே இறங்குகிறவர் தன் எண் பொறித்த டோக்கனை மேலே பலகையில் மாட்டிவிட்டு இறங்குவார். ஏறி வந்ததும் தானே கழற்றிக்கொள்வார். டோக்கன் தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று பொருள். மகள் அந்தப் பலகையை லேபர் வார்டு வாசலில் மாட்டினார். பழைய சிசேரியன் தழும்போடு ஒரு பெண் வலி காணத் தொடங்கினால், பிரசவ டாக்டர், மயக்க டாக்டர், குழந்தை டாக்டர், தியேட்டர் நர்ஸ், ரத்த வங்கி ஊழியர் ஆகிய ஐவரும் டோக்கனை மாட்ட வேண்டும். அந்தப் பெண் கரையேறும்வரை ஐவரும் கட்டடத்தை விட்டு நகரக்கூடாது. ஐந்தில் ஓர் ஆணி காலி என்றாலும் முயற்சி கிடையாது, நேரே அறுவைதான். இதுவே அவருடைய சட்டம். சாசனம் என்று பெயர் வைத்து யாரும் கெடுத்துவிட வேண்டாம்.

அதற்கு முன் இன்னொன்று செய்வார். மதிய வேளையில், என்னைத் தவிர மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, வந்தவளைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைப்பார். "கண்ண மூடிக்கோ. போன தடவ இன்னா நடந்துச்சு, மொதல்லேர்ந்து சொல்லு." அந்தப் பெண்கள் பேசுவதைத் திரைக்கு இப்பால் அமர்ந்து கேட்டிருக்கிறேன். தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் வரும் அந்தக் குரல்கள். கூரையில் நகர்ந்த விளக்குகள். யாருடைய பெயரையோ யாரோ தவறாகக் கூப்பிட்டது. குழந்தை அழுததா இல்லையா என்று இன்றுவரை தெரியாதது. முடித்ததும் சம்பூர்ணம் ஆறுதல் சொல்லமாட்டார். "பழைய ஆபரேஷன் சீட்டு எங்க? தோல்ல இருக்குற தழும்பு, உள்ள எப்படி வெட்டுனாங்கன்னு சொல்லாது" என்பார். சீட்டு வரும்வரை எந்த வாக்கும் கொடுக்கமாட்டார்.

அதோ மெர்சி அமர்ந்திருக்கிறாள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே நிலையில் வந்தவள். அவள் கணவர் பிரசன்னா அவசரப்பட்டார்.

"ரிஸ்க் எதுக்கு டாக்டர்? ஒரு டேட் குடுத்துடுங்க, ஆபீஸ்ல லீவ் போடணும்."

"லீவு உன்னுது. வயிறு யாருதுப்பா?" என்றார் சம்பூர்ணம்.

பிறகு மெர்சியிடம் திரும்பினார். "நூறு பேர் முயற்சி பண்ணா எழுபது பேர் கிட்டக்க சுகமா பெத்துக்குறாங்க. மீதிப் பேருக்கு மறுபடி ஆபரேஷன்தான். எரநூறுல ஒருத்திக்குப் பழைய தையல் விட்டுக்கும். அப்ப நிமிஷம் பாத்து ஓடணும். ஆபரேஷனே பண்ணிக்கிறேன்னா அதுவும் சரிதான். ஆனா ஒவ்வொரு ஆபரேஷனும் அடுத்த பிரசவத்த இன்னும் சிக்கலாக்கும். ரெண்டுலயும் பயம் இருக்கு. எந்தப் பயத்தோட உன்னால இருக்க முடியும்?"

மெர்சி கணவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "போன தடவ என்னை ஒண்ணும் கேக்கல டாக்டரம்மா. கையெழுத்து மட்டும் கேட்டாங்க. இந்தத் தடவ வலி வரட்டும்."

வலி வந்தது. ஐந்து டோக்கன்களும் தொங்கின. பிற்பகல் மூன்று மணி. எல்லாம் சீராகப் போகிறது, மழை வரும்போலிருக்கிறது, ஒரு காபி குடித்தால் தேவலை என்று நினைத்த மயக்க டாக்டர் ஒருத்தி, டோக்கனை ஆணியிலேயே விட்டுவிட்டுச் சாலையைக் கடந்தாள். அவள் வேறு யாருமல்ல, நான்தான்! டோக்கனைக் கழற்றினால் சம்பூர்ணம் ஏன் என்று கேட்பார். பத்து நிமிடத்துக்கு அந்தக் கேள்வி எதற்கு என்று எனக்குத் தோன்றியது. பட்டப்படிப்பு மனிதரை இந்த அளவுக்குத்தான் திருத்தும்.

மழை கொட்டியது. ஷிஃப்டு விட்ட கம்பெனிப் பேருந்துகள் சாலையை அடைத்தன. அந்த நேரத்தில் குழந்தையின் இதயத்துடிப்பு விழுந்தது. நர்ஸ் பலகையைப் பார்த்தாள்: டோக்கன் இருக்கிறது, டாக்டர் உள்ளேதான் இருக்கிறார்! எனவே யாரும் எனக்குப் போன் செய்யவில்லை. அறை அறையாகத் தேடினார்கள். நான்கு நிமிடங்கள் போயின. இல்லாத ஒருத்தியைத் தேடி நான்கு நிமிடங்கள்! நான் சொட்டச் சொட்ட ஓடி வந்து மெர்சியின் முகத்துக்கு மேல் குனிந்தபோது, சம்பூர்ணம் அவள் காதருகில் சொல்லிக்கொண்டிருந்தார்: "தையல் விடுதுன்னு நெனைக்கிறேன். இப்ப ஆபரேஷன் பண்ணணும். பண்ணட்டுமா?" மெர்சி தலையசைத்தாள். என் முந்தானையிலிருந்து ஒரு மழைத்துளி அவள் நெற்றியில் விழுந்தது. அவள் கண்கள் மெல்ல மூடின.

பழைய தழும்பு ஓர் ஓரத்தில் பிரியத் தொடங்கியிருந்தது. குழந்தை சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு அழுதது.

மறுநாள் காலை சம்பூர்ணம் என்னை அழைத்துக்கொண்டு மெர்சியின் கட்டிலருகே போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். என்னைக் காப்பாற்ற ஒரு சொல் சொல்லவில்லை. ஒரு மாதம் நான் அவரோடு பேசவில்லை. மெர்சி என்னை ஏற இறங்கப் பார்த்துச் சொன்னது இது: "அடுத்த தடவ காபிய உள்ளயே குடிங்கம்மா. சொன்னா எங்க வீட்டு ஃபிளாஸ்க்கே குடுப்பேன்." சிரிக்கலாம், அவளே சிரிக்கிறாள். பிறகு அவள் சம்பூர்ணத்திடம் சொன்னாள்: "இதுவும் ஆபரேஷன்தான். ஆனா இந்தத் தடவ நான் இருந்தேன் டாக்டரம்மா."

வெளியே வந்ததும் சம்பூர்ணம் ஒன்றே ஒன்று சொன்னார். "ஆணி காலியா இருந்தா நாங்க வேற வழி பாத்திருப்போம், பாகீரதி. காலியா இல்லாததுதான் கொன்னிருக்கும்."

இரண்டு வாரங்களுக்கு முன், ஒரு பிரசவம் முடிந்து, தாயும் சேயும் அறைக்குப் போன பிறகு, டியூட்டி அறை நாற்காலியில் சற்றுக் கண்ணை மூடினார் சம்பூர்ணம். மதிய வெயில் அவர் பாதத்திலிருந்து முழங்கால்வரை ஏறியது. அவர் எழுந்திருக்கவில்லை. அவர் டோக்கன் ஆணியிலேயே இருந்தது. கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை. அந்தப் பலகையை அப்படியே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வரவேற்பறையில் மாட்டப்போவதாகத் தலைவர் அறிவித்தார். நீங்கள் கை தட்டினீர்கள்.

தலைவர் அவர்களே, மன்னிக்க வேண்டும். அது நடக்காது. இன்று காலை நானே அந்த டோக்கனைக் கழற்றிவிட்டேன். இதோ, என் கையில் இருக்கிறது. பால்ராஜ், இது உங்கள் அக்காவுடையது. வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். சம்பூர்ணம் உள்ளே இல்லை. இருப்பதாக அந்தப் பலகை சொல்லக்கூடாது. அவர் வாழ்நாளில் மன்னிக்காத பொய் அது ஒன்றுதான். அவர் பெயராலேயே அதைச் சொல்லலாமா?

என் கனவில் ஐந்தும் அசைந்துகொண்டிருக்கட்டும். கனவுக்கு அந்தச் சலுகை உண்டு. வார்டுக்குக் கிடையாது.

ரக்ஷா, உன் கேள்விக்கு வருகிறேன். நீ அறுவையைத் தேர்ந்தெடுக்கலாம். அது தோல்வி அல்ல. வலியைத் தேர்ந்தெடுக்கலாம், அது வீரம் அல்ல. எதுவானாலும் நீ தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும். ஓர் ஆணி காலியாக இருந்ததால் நேர்ந்ததாக இருக்கக்கூடாது. எனக்கு எழுபத்தாறு வயது. மருந்து ஏற்ற என் கை இனி உதவாது. ஆனால் நீ உள்ளே இருக்கும்வரை, ஐந்து டோக்கன்களுக்கும் ஆள் இருக்கிறார்களா என்று நடந்து நடந்து எண்ணுவதற்கு என் கால்கள் உதவும். ஃபிளாஸ்க்கோடு வருவேன். சம்பூர்ணத்துக்கு என்னுடைய உறுதிமொழி அவ்வளவே.

டாக்டர் மலர், எட்டு ஆண்டுகள் அவர் பக்கத்தில் பிரசவ டாக்டராக நின்றீர்கள். அந்தச் செய்தி உங்கள் பெயரில்தான் போனது. பயத்தில் அனுப்பினீர்கள் என்று தெரியும். பயம் நல்லது, அவரும் ஒவ்வொரு முறையும் பயந்தார். இப்போது தலை நிமிர்ந்து பாருங்கள். முதல் ஆணி காலியாக இருக்கிறது.

உங்கள் டோக்கன் எங்கே?