தீர்த்தமலைக்கு நேர்ந்த பட்டினி

“வேண்டுனீங்க, சரி. என் வயித்த எதுக்குங்க அடமானம் வெச்சீங்க?”

தருமபுரியிலிருந்து அரூர் போகும் பேருந்தில், முன் இருக்கைப் பெண் தன் கணவரிடம் இப்படிக் கேட்டதும் நான் செய்தித்தாளை மடித்துவிட்டேன்.

“உன் கேன்சர் தீரணும்னு தீர்த்தமலையாருக்கு வேண்டிக்கிட்டேன். தீந்துச்சில்ல?”

“அதுக்கு நீங்க மொட்டை போட்டிருக்கலாம். திங்கக்கெழமையானா எம் பொண்டாட்டி பட்டினி கெடப்பான்னா வேண்டுவாங்க?”

“பட்டினி ஹார்ட்டுக்கு நல்லதுன்னு செல்லுல சொல்றாங்களே.”

“கேன்சர் மருந்துல ஹார்ட்டு பலம் கொறஞ்சிருக்குது, பட்டினி கெடக்கவே கூடாதுன்னு இப்பத்தான டாக்டரம்மா சொன்னாங்க? நீங்களுந்தான பக்கத்துல நின்னீங்க?”

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “நீ போயிருவியோன்னு பயம். அந்நேரத்துல வேற ஒண்ணும் தோணல.”

“பயம் உங்களுது, பட்டினி என்னுதுங்களா?” அவள் குரல் இறங்கியது. “வேண்டுதல உட்டுட்டா மறுபடியும் வந்துருமோன்னு எனக்கும் பயமாத்தான் இருக்குது. அதனால இனிமே நீங்க கெடங்க.”

பட்டா பெயர் மாற்றத்துக்கு மனு, விசாரணை, ஆட்சேபணை எல்லாம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வேண்டுதலின் பெயர் மாற்றம் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

மொரப்பூரில் அவித்த வேர்க்கடலை வந்தது. அவள் ஒரு பொட்டலம் வாங்கினாள். அவருடைய கை தானாக நீண்டது.

“இன்னிக்கி என்னங்க கெழம?”

“திங்கக்கெழம.”

“அப்ப உரிச்சுக் குடுங்க.”

அரூர் வரும்வரை அவர் உரித்துக்கொண்டே வந்தார்.