கடை வாசலில் ஏழு டிரம்

பெயர்: பாலசுப்பிரமணி. தகப்பனார் பெயர்: வீரசாமி. வயது: ஐம்பத்தெட்டு. தொழில்: மளிகை, இரும்புச் சாமான் கடை. விலாசம்: கிங்ஸ் ரோடு, ஒன்பது மைல், நசினு, ஃபிஜி. பிறந்த இடம்: லௌடோகா பக்கம் சவேனி. தேதி: 7 மார்ச் 2002, வியாழக்கிழமை, காலை பத்தேகால் மணி.

சார்ஜெண்ட் ரவீந்திரா அவர்கள் என்னை ஹிந்தியில் விசாரித்தார். நான் சொல்வதை ஹிந்தியில் கேட்டு இங்கிலீஷில் எழுதினால் அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் உதிர்ந்துவிடும். அதனால் என் கைப்படத் தமிழிலேயே எழுதித் தருகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். தென்னிந்தியச் சங்கப் பள்ளிக்கூட வாத்தியார் ராமச்சந்திரன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவர் மொழிபெயர்த்துக் கொடுப்பார். நான் சொல்வது எனக்கே எதிராக வரலாம், என் பேரில் வழக்குப் போடலாம் என்று சார்ஜெண்ட் இரண்டு முறை எச்சரித்தார். புரிந்துகொண்டேன்.

என் கடை வாசலில் ஒருவன் இறந்த விபத்தைப் பற்றி நான் கொடுக்கும் இரண்டாவது வாக்குமூலம் இது. பிப்ரவரி 5-ம் தேதி கொடுத்த முதல் வாக்குமூலம் பொய். அதை நம்பித்தான் மினிபஸ் டிரைவர் ரவ்னீலை ஜாமீன் இல்லாமல் உள்ளே வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை அவன் வழக்கு மாஜிஸ்திரேட் முன்னால் வருகிறது.

நான் பதினேழு வயதில் சவேனியிலிருந்து சுவாவுக்கு வந்தேன். முதலில் வறுத்த கடலை கூடையில் வைத்து நடந்து விற்றேன். அதன் பிறகு சைக்கிள் வாங்கி முட்டையும் காய்கறியும் விற்றேன், அதன் பிறகு வேன், அதன் பிறகு கடை. நடந்தபோது சைக்கிள்காரனைத் திட்டினேன். சைக்கிள் வாங்கியதும் வேன்காரனைத் திட்டினேன். வேன் வாங்கியதும் ரெண்டு பேரையும் திட்டினேன். ரோட்டைப் பற்றி எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

2000-ம் வருஷம் மே மாதம் அரசாங்கத்தைக் கவிழ்த்த கலகத்தில் சுவாவில் கடைகளைச் சூறையாடினார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு லாரி ரிவர்ஸில் வந்து என் கடை ஷட்டரை இடித்துத் திறந்தது. நானும் என் மனைவி உர்மிளாவும் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்தோம். வந்தவர்களில் இரண்டு பேர் என் வாடிக்கைக்காரர்கள். ஒருவன் போகும்போது என்னைப் பார்த்து, "ஸாரி பாய்" என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லிவிட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு போனான்.

அதன் பிறகு நாற்பத்து நாலு கேலன் டிரம் ஏழு வாங்கி, ஆற்று மணலும் கல்லும் நிரப்பி, இன்னொரு லாரி அப்படி ரிவர்ஸில் வர முடியாதபடி கடைக்கு முன்னால் வரிசையாக வைத்தேன். ஐந்து டிரம் ஜனங்கள் நடக்கிற சரளைப் பாதையில் நின்றது. லாரி சாய்வாகவும் வரலாம் என்று யோசித்து மீதி இரண்டைத் தார் ரோட்டு ஓரத்திலேயே வைத்தேன். டிரம் மேல் காலிப் பெட்டிகளையும் அடுக்கினேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அந்த மாதத்தில் அனுமதி கேட்க யாரும் இருக்கவும் இல்லை. ஆனால் நிலைமை அடங்கி ஒன்றரை வருஷம் ஆன பிறகும் நான் டிரம்மை எடுக்கவில்லை. அவை நின்றால்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

டிரம் நின்றதால் நடப்பவர்கள் தார் ரோட்டில் இறங்கி நடந்தார்கள். அவர்களைச் சுற்றிக்கொண்டு சைக்கிள்காரர்கள் நடு ரோட்டுக்குப் போனார்கள். மினிபஸ்காரர்கள் ஆள் ஏற்ற ஓரத்துக்கு ஒடித்தார்கள். தினமும் என் வாசலில் சண்டை. பெண்கள் சைக்கிள்காரனைத் திட்டுவார்கள், சைக்கிள்காரன் மினிபஸ் தகரத்தை ஓங்கி உதைப்பான், மினிபஸ்காரன் எல்லாருக்கும் சேர்த்து ஹார்ன் அடிப்பான். நான் கல்லாவில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன்.

போன நவம்பரில் ரோடு பாதுகாப்பு என்று பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். டீயும் பன்னும் நான் கொடுத்தேன். மினிபஸ் வேகம், சைக்கிளில் விளக்கு இல்லை, ஜனங்கள் பார்க்காமல் கடக்கிறார்கள் என்று ஒரு மணி நேரம் கத்தினார்கள். டிரம் பேச்சை யாரும் எடுக்கவில்லை, என் பன் எல்லார் வாயிலும் இருந்தது. கார்மெண்ட் ஃபேக்டரியில் வாட்ச்மேனாக இருந்த யோகேந்திரா மட்டும் எழுந்தான். தினமும் சைக்கிளில் என் கடையைத் தாண்டித்தான் வேலைக்குப் போவான். நான் குஜராத்தி இல்லை, ஆனாலும் என்னை வேண்டுமென்றே சேட் என்பான்.

"சேட், நடக்கிறவன் பாதையில் உன் டிரம் நிற்கிறது. நடக்கிறவன் என் பாதையில் நிற்கிறான். நான் எங்கே போக, உன் கூரை மேலா?" என்றான்.

"முதலில் உன் சைக்கிளுக்கு பிரேக் போடு, அப்புறம் கூரை ஏறலாம்" என்றேன். கூட்டம் சிரித்தது, பேச்சு அதோடு முடிந்தது. அடுத்த வாரம் அவன் என் கடைக்கே வந்து இரண்டு ஜோடி பிரேக் கட்டை வாங்கினான். ஆகவே சம்பவத்தன்று அவன் சைக்கிளில் பிரேக் நன்றாக இருந்தது. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளவும்.

சம்பவம் பிப்ரவரி 5-ம் தேதி செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலு நாற்பது. நான் கல்லாவில் இருந்தேன், கல்லா உயர மேடையில் இருப்பதால் பெட்டிகளுக்கு மேலாக ரோடு முழுதும் எனக்குத் தெரியும். கோயிலுக்குப் போக என் மனைவி பூத்தட்டோடு வெளியே வந்தாள். டிரம் வரிசையைச் சுற்றித் தார் ரோட்டில் காலை வைத்தாள். பெட்டிகள் மறைத்ததால் அவளுக்கும் ரோடு தெரியவில்லை, ரோட்டில் வந்தவனுக்கும் அவள் தெரியவில்லை. யோகேந்திரா நவ்சோரிப் பக்கமிருந்து ஓரமாக வந்துகொண்டிருந்தான். கடைசி நொடியில் அவளைப் பார்த்து, அம்மா என்கிற மாதிரி "மாஜி!" என்று கத்திக்கொண்டு பிரேக்கைப் பிடித்து ஹேண்டில்பாரை வலப்பக்கம் ஒடித்தான். பின்னால் ரவ்னீலின் மினிபஸ் வந்தது. நாற்பது கஜம் பின்னால் ஆள் ஏற்றிவிட்டு அப்போதுதான் கிளம்பியிருந்தது, ஓடுகிற ஆள் வேகம்தான் இருக்கும். அதன் இடது முனை சைக்கிளின் பின் சக்கரத்தில் பட்டது. யோகேந்திரா இடப்பக்கம் எறியப்பட்டான். அவன் தலை ரோட்டோரத்தில் நின்ற இரண்டு டிரம்மில் முதல் டிரம்மின் விளிம்பில் அடித்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. மினிபஸ் அவன் மேல் ஏறவில்லை.

ரவ்னீல் இறங்கி ஓடி வந்து அவனைத் தூக்கினான். அதன் பிறகு வண்டியைப் பின்னால் எடுத்தான். அது ஓடிப்போக அல்ல, கதவை அவன் பக்கம் கொண்டுவர. ஜனங்களைக் கீழே இறக்கிவிட்டு யோகேந்திராவை அதிலேயே படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். யோகேந்திரா அங்கே போய்ச் சேர்வதற்கு முன் இறந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். இறங்கிய ஜனங்களில் பெரும்பாலோர் அடுத்த வண்டியில் போய்விட்டார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்குக் குலுக்கியதைத் தவிர எதுவும் தெரியாது.

போலீஸ் வர இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷத்தில் மனைவியை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். ரோட்டில் இருந்த இரண்டு டிரம்முக்கும் சங்கிலி போட்டு, என் வேனில் கட்டி, சுவர் ஓரத்துக்கு இழுத்தேன். ஒரு டிரம்மின் விளிம்பைக் கழுவினேன். அதன் பிறகு சார்ஜெண்ட் வந்து கேட்டபோது, மினிபஸ் பறந்து வந்தது, ஓரத்துக்கு ஏறி இடித்தது, டிரைவர் வண்டியைத் திருப்பி ஓடப் பார்த்தான் என்று சொன்னேன். என் கை ஈரமாக இருந்ததால் கையெழுத்துப் போடும்போது பேனா வழுக்கியது. சார்ஜெண்ட் தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கிறார்கள். என் மகன் ஷைலேந்திரா ஆக்லாந்தில் இருக்கிறான். எனக்கும் உர்மிளாவுக்கும் ஜனவரியில் விசா வந்தது. மார்ச் 15-ம் தேதிக்குள் அங்கே கால் வைக்காவிட்டால் விசா செல்லாது. வழக்கு என்று ஒன்று என் பெயரில் ஏறினால் பிறகு எந்த ஜன்மத்திலும் கிடைக்காது. கடையை விற்றாயிற்று. நாளை வெள்ளிக்கிழமை சாவியைக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை நாந்தியிலிருந்து விமானம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கலகத்துக்குப் பிறகு எங்கள் ரோட்டில் பாதி ஜனம் ஆக்லாந்து, சிட்னி, வான்கூவர் என்று கிளம்பியது. அவர்களுக்கு வேலைச் சான்று, நடத்தைச் சான்று எழுதிக் கொடுத்தது நான். என் கடையில் ஒரு நாளும் வேலை செய்யாதவனுக்கு ஆறு வருஷம் ஸ்டோர்கீப்பர் என்று எழுதி முத்திரை குத்தியிருக்கிறேன். யாருக்கும் கெடுதல் இல்லை, காகிதம் போகும், ஆள் பிழைப்பான். பத்து, இருபது, முப்பது என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. பிப்ரவரி 5-ம் தேதி போலீஸ் காகிதம் நீட்டியபோது அதுவும் அப்படி ஒரு காகிதம் என்றுதான் கை நினைத்தது.

அதன் பிறகு பிப்ரவரி 25-ம் தேதி ரவ்னீலின் மனைவி சோனம் என் கடைக்கு வந்தாள். சாட்சி யார் என்று அவளுக்குத் தெரியாது.

"அங்கிள், வக்கீல் நடத்தைச் சான்று கேட்கிறார். உங்கள் முத்திரைக்கு மரியாதை இருக்கு. ரிதேஷ் அண்ணாவுக்கு எழுதினீங்களே, அவர் இப்போ சிட்னியில் வீடே வாங்கிட்டார்" என்றாள்.

எழுதிக் கொடுத்தேன். ரவ்னீலைப் பதினோரு வருஷமாகத் தெரியும், நிதானமாக வண்டி ஓட்டுகிறவன், பெரியவர்களுக்கு அடங்கினவன் என்று எழுதினேன். நான் எழுதின சான்றுகளில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லாதது அது ஒன்றுதான். அவள் அதை மடித்துக்கொண்டு, "நீங்க அன்னிக்கு வாசலில் இருந்திருந்தா பார்த்திருப்பீங்க அங்கிள், எங்க விதி" என்று சொல்லி என் காலைத் தொட்டாள். நான் உள்ளே சரக்கு எடுத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். இப்போது ஒரே கோர்ட்டில், ஒரே ஃபைலில், ஒரே ஆளைப் பற்றி, என் கையெழுத்தோடு இரண்டு காகிதம் இருக்கிறது.

அதன் பிறகு, ஆக்லாந்து போய்ச் சேர்ந்ததும் உண்மையை எழுதித் தபாலில் அனுப்பிவிடலாம் என்று திட்டம் போட்டேன். விசாவும் தப்பும், ரவ்னீலும் தப்புவான். சுவாவில் ஒரு வக்கீலிடம் வேறு யாருக்கோ கேட்பது போலக் கேட்டேன். வெளிநாட்டிலிருந்து வரும் கடிதத்தை வைத்துக்கொண்டு கோர்ட்டில் ஒன்றும் ஆகாது, ஆள் நேரில் வந்து சத்தியம் செய்யவேண்டும் என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது எல்லா வழியையும் போட்டுப் பார்த்தேன். வியாபாரத்தில் எனக்கு எப்போதும் ஒரு மூன்றாவது வழி கிடைக்கும். இதில் கிடைக்கவில்லை. அன்றைக்கு என் ஸ்டாப்பில் இறங்காமல் நவ்சோரி வரை போய்விட்டேன்.

அதன் பிறகு மார்ச் 5-ம் தேதி, நேற்று முன்தினம், பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். சம்பவம் நடந்த நாளிலிருந்து உர்மிளா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குத் தன் பெட்டியைத் திறந்து புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தாள். அலமாரியே விற்றுப்போன அலமாரி. என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"என் மேல படாம ஒதுங்கினவன் செத்துப்போனான். ஒதுங்க இடமில்லாதவன் ஜெயில்ல இருக்கான். நான் பிளேன்ல ஜன்னலோரம் உக்காரணுமா? போறதா இருந்தா நீங்க போங்க" என்றாள்.

நான் சத்தம் போட்டேன். நாற்பது வருஷ உழைப்பு என்று கத்தினேன், மகன் முகத்தைப் பார்க்கவேண்டாமா என்று கத்தினேன். அவள் அடுத்த புடவையை மடித்தாள். நேற்றும் கத்தினேன். இன்றைக்குக் காலையில் கத்தக் குரல் இல்லை. இங்கே வந்தேன். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், தான் பார்த்ததைத் தனியாகச் சொல்வாள். அவள் ரோட்டில் இறங்கியது குற்றமென்றால் அதுவும் என் டிரம்மின் குற்றம்.

டிரம்மை இழுத்த கோடு தாரில் இன்னும் இரண்டு வரியாக இருக்கிறது. கடை நாளைக்குக் கைமாறுகிறது, புது முதலாளி முதல் வேலையாக வாசலைச் செப்பனிடுவார். ஆகவே இன்றைக்கே வந்து அளந்து படம் எடுக்கவும்.

இதற்குப் பிறகு சார்ஜெண்ட் இரண்டு கேள்வி கேட்டார்.

கேள்வி: பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது?

பதில்: இதோ, இரண்டும். மேஜை மேல் வைக்கிறேன். டிக்கெட்டும் உள்ளே இருக்கிறது.

கேள்வி: அன்றைக்கு ஒன்று சொன்னாய், இன்றைக்கு ஒன்று சொல்கிறாய். கோர்ட் எதை நம்பும்?

பதில்: ஐயா, நான் வியாபாரி. முதல் காகிதத்தில் எனக்கு மகன் கிடைத்தான், ஊர் கிடைத்தது. இந்தக் காகிதத்தில் எல்லாம் போகிறது. வியாபாரி லாபத்துக்குத்தான் பொய் சொல்வான். நஷ்டத்துக்குப் பொய் சொல்கிற வியாபாரியை நீங்கள் பார்த்ததுண்டா? திங்கட்கிழமைக்கு முன்னால் இதை மாஜிஸ்திரேட் கையில் சேர்த்துவிடுங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

இதை நானே எழுதி, வாத்தியார் ராமச்சந்திரன் எனக்குத் திரும்ப வாசித்துக் காட்ட, கேட்டுக்கொண்டேன். யாரும் மிரட்டவில்லை, யாரும் ஆசை காட்டவில்லை. இதில் உள்ளது அத்தனையும் என் கண் பார்த்ததும் என் கை செய்ததும்தான். கடை முத்திரை இல்லாமல், கையெழுத்து மட்டும் போடுகிறேன்.

(ஒப்பம்) வீ. பாலசுப்பிரமணி
7.3.2002, பகல் 12.50